உன் மாமா யார் வீட்டுப் பிள்ளை

கண்ணு,

நீ தபாலில் அனுப்பிய வம்சப் படத்தைச் சாப்பாட்டு மேசையில் விரித்துவைத்து நானும் உன் அப்பாவும் பார்த்தோம். நன்றாகத்தான் வந்திருக்கிறது. உன் அப்பா வழியில் எழுதியிருப்பதெல்லாம் சரி. அவர் தன் தாத்தாவின் பெயரைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் வழிக்கு வந்தேன். செல்வராஜ் மாமாவின் பெயருக்கு எதிரே மட்டும் "பிறப்புப் பதிவு எங்கும் இல்லை, விசாரிக்க வேண்டும்" என்று எழுதி வைத்திருக்கிறாய். போன் பண்ணினால், "அடுத்த வாரம் வர்றேன்ல, மாமாகிட்டயே கேட்டுக்கறேன் விடும்மா" என்கிறாய். ஊரில் யாரிடம் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் கேள். உன் மாமாவிடம் மட்டும் அந்தக் கேள்வியைக் கேட்டுவிடாதே. போனிலேயே சொல்லலாம் என்றுதான் பார்த்தேன். உனக்குத்தான் எதையும் முழுசாகக் கேட்கிற பொறுமை கிடையாதே, பாதியில் "சரிம்மா, சரிம்மா" என்று ஆரம்பித்துவிடுவாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். இங்கே வர பஸ் ஏறுவதற்கு முன்னால் இதைக் கடைசி வரைக்கும் படித்துவிடு.

முதலில் நீ தேடிய விதத்தில் இருக்கிற கோளாறைச் சொல்லிவிடுகிறேன். ஒருவர் எங்கே வாழ்ந்தார் என்பது பிறப்பு இறப்பு எழுதுகிற ஆபீஸ்களுக்குத் தேவையில்லாத சமாச்சாரம். எங்கே பிறந்தார், எங்கே உயிர் போயிற்று என்பதுதான் அவர்களுக்குக் கணக்கு. நம் பக்கத்தில் தலைப்பிரசவம் பெண்ணின் அம்மா வீட்டில்தான் நடக்கும். அதனால்தான் உன் அப்பாவின் பிறப்பு அவர் வாழ்ந்த நெருப்பெரிச்சலில் இல்லாமல் அவருடைய அம்மா பிறந்த ஊரில் இருந்தது. அதற்கு நீ எத்தனை நாள் அலைந்தாய்! ஒரு வார்த்தை என்னைக் கேட்டிருக்கலாம். அப்புறம், பிள்ளையின் பெயரைச் சொல்லித் தேடாதே. பிறந்த கையோடு எழுதுகிற புத்தகம் அது. பெயர் வைப்பது பிறகுதானே? ஆணா பெண்ணா என்று மட்டும் எழுதி, பெயருக்கான இடம் காலியாகக் கிடக்கும். தகப்பன் பெயரையும் தேதியையும் வைத்துத்தான் பிடிக்க வேண்டும். தேதி தெரியவில்லையென்றால் ஊரில் அப்போது எந்தக் கோயிலுக்கு நோம்பி சாட்டியிருந்தார்கள் என்று கேள், அது யாருக்கும் மறக்காது. என் அப்பா அம்மாவுக்குக் கல்யாணப் பதிவு கேட்டு மனுப் போட்டிருக்கிறாயாம். போட்ட மனுவை மறந்துவிடு. தாலி கட்டினார்கள், சோறு போட்டார்கள், முடிந்தது. எழுதாத ஒன்று எந்த அலமாரியில் இருக்கும்? இதெல்லாம் நான் எங்கும் படித்துத் தெரிந்துகொண்டதல்ல. ஒரு தடவை உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு தேட வேண்டி வந்தது.

நீ அப்போது தவழ்ந்துகொண்டிருந்தாய். எண்பதுகள் முடியப்போகிற சமயம். திருப்பூரை ஒட்டி நெருப்பெரிச்சலில் ஒரு லைன் வீட்டில் குடியிருந்தோம். உன் அப்பா நிட்டிங் மெஷின் ஓட்டினார், நான் பனியன் கம்பெனியில் செக்கிங். என் அப்பா, அதாவது உன் அப்புச்சி, அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். அம்மா குண்டடம் பக்கத்தில் எங்கள் ஊரிலேயே இருந்து காட்டு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். என் ஒரே தம்பி செல்வராஜை, "நீயே கூட்டிட்டுப் போயி ஒரு வேலையில சேத்தி உடு கண்ணு" என்று என் கூட அனுப்பிவிட்டாள். அவனும் கைமடியாகச் சேர்ந்தான். டைலருக்குப் பக்கத்தில் நின்று துணியை மடித்து மடித்து எடுத்துக்கொடுக்கிற வேலை. சாப்பாடு கண்ட உடம்பா, கம்பெனிக்குப் போன கொஞ்ச காலத்திலேயே உன் அப்பா உயரத்துக்கு வளர்ந்து நின்றான். மீசை வேறு அரும்பிவிட்டது. அந்த வளர்த்திதான் அவனுக்கு வினையாகப் போயிற்று.

கூலி உயர்வு கேட்டுக் கம்பெனிகளெல்லாம் மூடிக் கிடந்தன. ஒரு கம்பெனியில் மட்டும் திருட்டுத்தனமாகச் சரக்கு ஏற்றுகிறார்கள் என்று சொல்லிக் கூட்டம் கூடிவிட்டது. இவன் வேடிக்கை பார்க்கப் போயிருக்கிறான். வேனை மறித்தார்கள், வாய்ச்சண்டை முற்றியது, எங்கிருந்தோ கல் பறந்தது. ஒரு சூப்பர்வைசருக்கு மண்டை உடைந்து ஆள் சுருண்டு விழுந்துவிட்டார். கல் எறிந்தவர்கள் ஓடிவிட்டார்கள். ஓடத் தெரியாமல் நின்றவர்களைப் போலீஸ் அள்ளிக்கொண்டு போயிற்று, அதில் உன் மாமாவும் ஒருத்தன். வளர்த்தியைப் பார்த்து வயது இருபது என்று எழுதிவிட்டார்கள். கொலை முயற்சி வழக்கு. அந்த சூப்பர்வைசரோ ஆஸ்பத்திரியில் கண் திறக்காமல் கிடந்தார். அவருக்கு ஒன்று ஆகிவிட்டால் கொலை வழக்கு. நான் எந்தச் சாமியையும் எனக்காக அப்படிக் கும்பிட்டதில்லை, முகம் தெரியாத அந்த மனுசனுக்காகக் கும்பிட்டேன்.

சப் ஜெயிலில் அவனைப் பார்க்கப் போனேன். கம்பிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றான், முகம் வீங்கியிருந்தது. சட்டைக் காலரை ஒரு கையால் இழுத்துப் பிடித்தபடியே நின்றான். "என்னடா அது, கையை எடு" என்றேன். எடுக்கவில்லை. "இங்க இருக்கறவங்க என்னையத் தூங்க உடமாட்டீங்கறாங்க அக்கா, எப்படியாச்சும் கூட்டிட்டுப் போயிருங்க" என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். நீ வளர்ந்த ஆள், உனக்குப் புரியும். வெளியே வந்து ரோட்டோரம் உட்கார்ந்து வாந்தி எடுத்தேன்.

வக்கீல் முதல் கேள்வியாக, "பையனுக்கு நெசமான வயசு என்னம்மா?" என்று கேட்டார்.

"பதினாறு இன்னும் முடியலீங்க."

"முடியலைன்னா அவனை அங்க வெச்சிருக்கவே கூடாதும்மா. பதினாறுக்குக் கீழ இருக்கற பசங்களுக்குத் தனிச் சட்டம் இருக்குது. ஆனா நீங்க சொல்றது பத்தாது, காயிதம் வேணும். வெள்ளிக்கிழமை வாய்தா. அன்னைக்குக் காட்டலைன்னா பெரிய ஜெயிலுக்கு அனுப்பிருவாங்க."

பள்ளிக்கூடச் சர்டிபிகேட்டை எடுத்து நீட்டினேன். வாங்கிப் பார்த்தவர் முகம் சுருங்கிப் போயிற்று. அந்தக் காலத்தில் பள்ளியில் சேர்க்கும்போது வாத்தியாரே ஒரு தேதியைப் போட்டுக்கொள்வார். கையைத் தலைக்கு மேலே வளைத்து மறுபக்கத்துக் காதைத் தொட்டுவிட்டால் வயது வந்துவிட்டது என்று அர்த்தம். இவன் அப்போதே நெட்டை, சீக்கிரமே தொட்டுவிட்டான். வாத்தியார் போட்ட தேதிப்படி அவனுக்குப் பதினாறு முடிந்து போயிருந்தது. "இதை நீங்க எங்கிட்டக் காட்டவே இல்லை. பொறந்த பதிவை எடுத்துட்டு வாங்க" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

உன்னை உன் அப்பாவிடம் விட்டுவிட்டு விடியற்காலை பஸ்ஸில் ஏறினேன். எங்கள் ஊரில் இறங்கி, களை வெட்டிக்கொண்டிருந்த அம்மாவை அப்படியே கிளப்பிக் கூட்டிக்கொண்டு போனேன். ஊர்க் கணக்குப் பார்க்கிறவர், "பழைய பொஸ்தகமெல்லாம் இங்கெங்கீங்க இருக்குது, தாலுகா ஆபீஸுக்குப் போயிருச்சுங்க" என்று கையை விரித்தார். அங்கே ஓடினோம். மனு எழுதி, ஸ்டாம்பு ஒட்டி, நீட்டினால், பிறந்த தேதி என்ன என்றார் கிளார்க். அம்மா, "மாரியாத்தா நோம்பிக்குக் கம்பம் நட்டிருந்தாங்க சாமி. நெருப்புப் பூவோடு எடுக்கறதுக்கு முந்துன நாளுங்க" என்றாள். நல்ல மனிதர், சிரிக்கவில்லை. எந்த வருஷம், அப்போது எனக்கு எத்தனை வயது என்றெல்லாம் கேட்டு ஒரு கணக்குப் போட்டுக்கொண்டு, உள்ளே போய்ப் பெரிய பெரிய புத்தகங்களாகத் தூக்கி வந்தார்.

அப்பாவின் பெயரைச் சொன்னேன். விரலை வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தவர், "இருக்குதும்மா, ஆண்" என்றார். எனக்கு உயிர் வந்தது. தேதியைப் பார்த்தால் அது எனக்கு அடுத்துப் பிறந்தவன். சில மாதத்திலேயே இறந்து போனவன். இன்னொரு புத்தகத்தில் இன்னொரு ஆண், அவனும் அப்படியே. இறப்புப் புத்தகத்தையும் திறந்து பார்த்து இரண்டையும் சரிபார்த்தார் அவர். "காய்ச்சல்னு போட்டிருக்குது, இதுவும் காய்ச்சல்" என்று படித்தார். என் அம்மா கவுண்டர் மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உன் படத்தில் அந்த இரண்டு பேரும் இல்லை. சேர்த்துக்கொள், பெயர் வைப்பதற்கு முன்பே போய்விட்ட பிள்ளைகள்தான், ஆனாலும் பிள்ளைகள். அதற்கப்புறம் அவர் எத்தனை புரட்டியும் எங்கள் அப்பா பெயரில் மூன்றாவது ஆண் இல்லை. "முன்னப்பின்ன வருசத்துலயும் பாத்துட்டேம்மா. பதிவு இல்லைன்னு வேணும்னா எழுதித் தர்றேன்" என்றார்.

வராந்தாவுக்கு வந்ததும் எனக்குப் பொறுக்கவில்லை. அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "என்னம்மா, கல்லாட்ட நிக்கிற? பையன் அங்க சாகறான், நீ பேச மாட்டீங்கற!" என்று கத்திவிட்டேன். ஆபீஸே திரும்பிப் பார்த்தது.

"அவன் நம்ம பேர்ல இருக்க மாட்டான் கண்ணு" என்றாள் அம்மா. "உங்கப்பன் எழுத உடலை."

தவிட்டுக்கு விற்றது எனக்கே ஞாபகம் இருந்தது. இரண்டு ஆண் பிள்ளைகள் அடுத்தடுத்துப் போன வீடு. மூன்றாவதாவது தங்கட்டும் என்று, பிறந்தவுடனே முறத்தில் போட்டு, பக்கத்துத் தோட்டத்தில் குடியிருந்த மரியாயி பெரியம்மாவிடம் கொடுத்தார்கள். அவர்கள் வேதக்காரர்கள், மாதா கோயிலுக்குப் போகிறவர்கள், பல தலைமுறையாக எங்கள் ஊர்க்காரர்கள். பெரியம்மாவுக்கு நாலு பிள்ளைகளும் குத்துக்கல்லாட்டம் இருந்தார்கள். பெரியம்மா ஒரு படித் தவிடு கொடுத்துப் பிள்ளையை வாங்கிக்கொண்டு, "இது என்ற பையன், நீங்க வளத்திக் குடுங்க" என்று திருப்பி அம்மா மடியில் போட்டார்கள். எமனை ஏமாற்றுகிற வேலை. நம் பக்கத்தில் நிறையப் பேர் வீட்டில் செய்ததுதான். அவனைக் கோபம் மூட்ட நான்கூட "தவுட்டுக்கு வாங்குனவனே" என்று கூப்பிட்டிருக்கிறேன். ஆனால் என் அப்பா அதோடு நிற்கவில்லை என்பது எனக்குத் தெரியாது. பிறப்பு எழுத வந்த தலையாரியிடம், "இது சவுரிமுத்து பையன்" என்று சொல்லிவிட்டாராம். சவுரிமுத்து என்பது மரியாயி பெரியம்மாவின் வீட்டுக்காரர். "என்ற பேர்ல எழுதுன ரெண்டும் நிக்கலை, அந்தப் பொஸ்தகத்துல மூணாவதையும் எழுதிக் குடுக்க மாட்டேன்னு ஒரே புடியா நின்னுட்டாரு. நானும் சேரின்னு உட்டுட்டேன். பையன் பொழச்சுக்கிட்டா போதும்னு இருந்துச்சு" என்றாள் அம்மா. என் அப்பாவைத் திட்டலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். சற்று முன் அந்தக் கிளார்க் படித்தது காதில் கேட்டது. திட்ட வரவில்லை.

மறுபடியும் உள்ளே ஓடினோம். கிளார்க் புத்தகங்களைக் கட்டி எடுத்து வைக்கப் போனார். "சவுரிமுத்துன்னு இருக்குதான்னு பாருங்க சாமி" என்றேன். "ஏம்மா, தம்பிங்கறீங்க, யாரோ பேரைச் சொல்றீங்க?" என்று என்னையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தார். பார்த்துவிட்டு என்ன நினைத்தாரோ, கட்டைப் பிரித்துத் திறந்தார். இருந்தது. ஆண். தகப்பன் சவுரிமுத்து, தாய் மரியாயி. பெயருக்கான இடம் காலி. தேதியைக் கணக்குப் பார்த்தேன். கல் விழுந்த அன்றைக்குப் பதினாறு முடிய ஒரு மாதம் மிச்சம் இருந்தது.

அதை எடுத்துக்கொண்டு வக்கீலிடம் போய் நடந்ததை அப்படியே சொன்னேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "உள்ளதை உள்ளபடி கோர்ட்டுல சொல்லிப்போடறமுங்க" என்றேன். "சொல்லுங்க. அப்பன் பேரு பொய், ஆத்தா பேரு பொய்யின்னு நீங்களே சொல்வீங்க, தேதி மட்டும் எப்படி நெசமாச்சுன்னு எதிர்ல கேப்பாங்க. இந்தக் காயிதம் நிக்கோணும்னா இதுல இருக்கற அம்மாதான் வந்து நிக்கோணும்" என்றார். போலீஸ் எழுதியதில் தகப்பன் பெயர் இல்லை, பாதுகாவலர் என்று உன் அப்பாவின் பெயரைப் போட்டிருந்தார்கள். செல்வராஜ் என்ற பெயரும் எங்களுக்கும் வேதக்காரர்களுக்கும் பொதுவாகப் போயிற்று. மரியாயிதான் சவுரிமுத்துவின் மனைவி என்பதற்கு ஒரு ஆதாரம் வேண்டும் என்றார். அது அவர்களிடம் இருந்தது கண்ணு. வேதக்காரர்கள் கல்யாணத்தைக் கோயில் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போடுவார்கள். என் அம்மாவிடம் அவள் யாருடைய பெண்சாதி என்று சொல்லவும் ஒரு துண்டுக் காகிதம் இல்லை, யாருடைய அம்மா என்று சொல்லவும் இல்லை.

சவுரிமுத்து பெரியப்பா முடியவே முடியாது என்றுவிட்டார். "ஆண்டவன் பேரைச் சொல்லிப்போட்டுக் கோர்ட்டுல பொய் சொல்றதுக்கு என்னால ஆகாதுங்க. தப்பா நெனச்சுக்காதீங்க" என்று அம்மாவைப் பார்த்துக் கைகூப்பினார். அவரைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் இல்லை. பெரியம்மா அடுப்படியில் இருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்தார்கள். "அன்னைக்கு வெளையாட்டுக்கா நான் அவனை வாங்குனேன்? முறத்துல இருந்து எடுத்து மாருல வெச்சுத்தான் வாங்குனேன். ஆண்டவர் கேட்டா நான் பதில் சொல்லிக்கறேன். நீங்க கோயிலுக்குப் போயி அந்தக் காயிதத்தை மட்டும் வாங்கிட்டு வாங்க" என்றார்கள். பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிப் போனார். சாயங்காலம் காகிதத்தோடு வந்து அம்மா கையில் கொடுத்துவிட்டுத் தோட்டத்துக்குள் போய்விட்டார்.

அம்மாவைக் கோர்ட்டுக்கு வரவேண்டாம் என்று எவ்வளவோ சொன்னேன். கேட்கவில்லை. வந்தாள். "கடைசியில உக்காரு. அழுகாத. அவனைப் பாக்காத" என்று சொல்லி உட்காரவைத்தேன். எனக்கு இன்னொரு பயமும் இருந்தது. இந்த ஏற்பாடு எதுவும் செல்வராஜுக்குத் தெரியாது. வாசலில் வக்கீல் அவன் காதில் ஏதோ சொல்லப் போனார். அதற்குள் போலீஸ்காரர் அவனை உள்ளே தள்ளிக்கொண்டு போய்விட்டார். கூண்டில் நின்றுகொண்டு அவன் அம்மாவைப் பார்த்து "அம்மா" என்று ஒரு சத்தம் கொடுத்தால் போதும், எல்லாம் முடிந்தது.

மரியாயி பெரியம்மா நடுங்காமல் நின்றார்கள். "என்ற பையனுங்க" என்றார்கள். அரசு வக்கீல் விடவில்லை. "வேதக்காரங்கன்னு சொல்றீங்க, உங்க பையன் கையில மாரியாத்தா கோயில் மஞ்சக் கயிறு எப்படி வந்துச்சு?" என்றார். நாங்கள் யாரும் நினைத்தே பார்க்காதது. "நோம்பிக்கு ஊரே கட்டுமுங்க. பசங்க கட்டிக்கறதுதானுங்க, அதையெல்லாம் யாருங்க கேப்பாங்க" என்றார்கள் பெரியம்மா. மாஜிஸ்திரேட் தலையாட்டினார். அரசு வக்கீல் உட்காரப் போனவர் திரும்பி எங்கள் பக்கம் பார்த்தார். "அய்யா, அங்க முந்தானையில வாயைப் பொத்திக்கிட்டு ஒரு அம்மா அழுவறாங்க. அவங்க யாருன்னு தெரியணும்" என்றார்.

அம்மாவைக் கூப்பிட்டார்கள். எழுந்து முன்னால் போனாள். செல்வராஜ் அப்போதுதான் அவளைப் பார்த்தான். அவன் முகம் அப்படியே மலர்ந்தது. அந்த முகத்தை என்னால் இன்றைக்கும் மறக்க முடியவில்லை.

"இந்தப் பையனுக்கு நீ யாரும்மா?" என்றார் மாஜிஸ்திரேட்.

அம்மா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். மறுபடியும் கேட்டார். நான் பெஞ்சைப் பிடித்திருந்த கையில் நகம் பெயர்ந்திருந்தது, பிறகுதான் பார்த்தேன்.

"நான் யாருமில்லீங்க சாமி" என்றாள். "பக்கத்துத் தோட்டமுங்க. சின்னதுல இருந்து பாத்த பையனுங்க. அதான் கண்ணுல தண்ணி வந்திருச்சுங்க."

செல்வராஜின் வாய் திறந்தபடியே நின்றது. மாஜிஸ்திரேட் அவன் பக்கம் திரும்பி, "தம்பி, பயப்படாம சொல்லு. உங்கம்மா யாரு? காட்டு" என்றார். அவன் அம்மாவைப் பார்த்தான். அம்மா தரையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தான். நான் கண்ணால் கெஞ்சினேன். அவன் கையைத் தூக்கி, மெதுவாக, மரியாயி பெரியம்மாவைக் காட்டினான்.

அவன் பதினாறு முடியாதவன் என்று ஏற்றுக்கொண்டார்கள். வழக்கைச் சிறுவர்கள் கோர்ட்டுக்கு மாற்றி, அவனை அம்மா பொறுப்பில் விட்டார்கள், காகிதத்தில் இருக்கிற அம்மா. பெரியம்மா கைநாட்டு வைத்து அவனை வாங்கிக்கொண்டார்கள். வெளியே என் அம்மா கையை நீட்டிக்கொண்டு கிட்டே போனாள். "பாத்துட்டே இருக்காங்க, கிட்ட வராதீங்கம்மா" என்று வக்கீல் பல்லைக் கடித்தார். அம்மா கையை இழுத்துக்கொண்டாள். அவன் திரும்பிப் பார்க்காமல் பெரியம்மாவோடு பஸ்ஸுக்கு நடந்தான். வழக்கு முடிகிறவரை அங்கேதான் இருந்தான், போலீஸ் எப்போது வந்து பார்க்கும் என்று யாருக்குத் தெரியும்? வரப்புக்கு அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் அம்மா. ஆடு மேய்க்கிற சாக்கில் தினமும் வரப்போரம் போய் நின்றுவிட்டு வருவாளாம். அந்த சூப்பர்வைசர் தேறிவிட்டார், மகராசன். கல் எறிந்தது இவன் இல்லை என்று கடைசியில் கோர்ட்டும் சொல்லிவிட்டது.

அதற்குப் பிறகு திருப்பூருக்கே வந்தான், டைலரானான், அம்மாவையும் எங்களோடு கூட்டி வந்தோம். மருந்து மாத்திரை, கண் ஆபரேஷன் எல்லாம் அவன்தான் பார்த்தான். ஒன்றுக்கும் குறை வைக்கவில்லை. ஆனால் அம்மா என்று அவன் வாயால் கூப்பிட்டு நான் கேட்கவில்லை. "சாப்பிட்டாச்சுங்களா", "படுத்துக்குங்க", இவ்வளவுதான் பேச்சு. "நான் அன்னைக்குச் சொன்னது அவனுக்கு ஆறவே இல்ல கண்ணு" என்று அம்மா என்னிடம் சொல்லிச் சொல்லி அழுவாள். அவள்மேல் கோபம் என்றுதான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். "பெத்தவ உன்னைக் காப்பாத்தத்தானேடா சொன்னா, இன்னும் என்ன வீம்பு?" என்று ஒரு நாள் அவனைப் பிடித்து நன்றாகத் திட்டிவிட்டேன். எழுந்து வெளியே போய்விட்டான்.

என் அம்மாவின், அதாவது உன் அம்மாயியின் இறப்பைக் குண்டடம் பக்கம் தேடினேன், இல்லை என்கிறாய். அங்கே எப்படி இருக்கும்? உயிர் போனது இங்கே திருப்பூர் ஆஸ்பத்திரியில். பதிவு நகராட்சியில் இருக்கிறது. தொண்ணூறுகளின் நடுவில் தேடு, கிடைக்கும். எழுதி வைக்கப் போனது நானும் உன் மாமாவும்தான். சுடுகாட்டில் அவன் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை, அதற்கும் சேர்த்து நான் அவன்மேல் கடுப்பில் இருந்தேன். வரிசையில் நின்று எங்கள் முறை வந்தது. இறந்தவர் பெயர், வயது, விலாசம் எல்லாம் நான் சொன்னேன். கவுண்டரில் இருந்த பெண் எழுதிக்கொண்டே தலையைத் தூக்காமல் அவனைக் கேட்டாள். "இறந்தவங்களுக்கு நீங்க யாருங்க?"

அவன் கவுண்டரைப் பிடித்துக்கொண்டு நின்றான். பின்னால் நின்றவர்கள் நகரச் சொல்லிச் சத்தம் போட்டார்கள். எங்கே பழைய வழக்கைக் கிளப்பிவிடுவார்களோ என்று எனக்குப் பழைய பயம், "மகள்னு எழுதிக்குங்க, நான் கையெழுத்துப் போடறேன்" என்று முன்னால் போனேன். அவன் என் கையைப் பிடித்து நிறுத்தினான்.

"மகனுங்க" என்றான். அந்தப் பெண் எழுதினாள். இவன் நிறுத்தவில்லை. "நாந்தானுங்க மகன். அன்னைக்குக் கேட்டாங்க, நான் அவங்களைக் காட்டலீங்க. அம்மா எதிர்லயே நின்னாங்க, நான் காட்டலீங்க" என்றான். அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் புரியவில்லை, என்னைப் பார்த்தாள். அவன் அவ்வளவு பேர் நடுவில், "அம்மா, அம்மா" என்று கவுண்டரில் தலையை மோதிக்கொண்டு அழுதான்.